சருகு மூடிய பாத்தி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், ஆதப்பன் என்றொரு அரண்மனை விகடகவி இருந்தான். ஒரு சித்திரை மாதக் காலையில் அவனிடம் தோட்டக்காரன் சடையன் அழுதுகொண்டே வந்தான்.

"மல்லிகைப் பாத்தியில சருகு பரப்பியிருந்தேண்ணே. வேர் காயக் கூடாதுன்னுதான். அரசர் தோட்டத்தக் குப்பைமேடாக்கிட்டேன்னு பிரதானி கேசவராயரு வத்தி வெச்சுட்டாரு. நாளைக்குள்ள வாரலேன்னா புள்ளகுட்டியோட நாட்டை விட்டே போகணுமாம். வாரினா செடி செத்துரும். அப்பவும் என் தலைதான் உருளும்."

சடையன் ஆதப்பனின் சிபாரிசில் வேலைக்கு வந்தவன் என்பதைத் தவிர, பிரதானிக்கு அவன்மேல் வேறு கோபமே கிடையாது.

"ஒரு பாத்தியை மட்டும் வாராம விடு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான்.

மறுநாள் உச்சிவேளையில் அரசர் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். தலைக்கு மேல் பட்டுக்குடை, காலில் மிதியடி. பின்னால் பெரிய தலைப்பாகையோடு கேசவராயர். ஆதப்பன் குறுக்கே போய் வணங்கினான்.

"மகாராஜா! தங்கள் ஆணையை இன்னொரு முறை கேட்கும் பாக்கியம் வேண்டும்."

"மண்ணுக்கும் வெயிலுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. அதுவே அழகு என்கிறார் பிரதானி."

"உத்தரவு!" என்ற ஆதப்பன் குடையைப் பிடுங்கி மடக்கினான். மிதியடிகளைக் கழற்ற வைத்தான். பிரதானியின் தலைப்பாகையும் செருப்பும் கூடத் தப்பவில்லை. "எல்லாம் நடுவே இருந்தன, பிரபு."

வெறும் மண் அடுப்பாய்ச் சுட்டது. அரசர் இரண்டு குதி குதித்து, சருகு மூடிய பாத்திக்குள் பாய்ந்தார். பாய்ந்தவர் அப்படியே நின்றார். குனிந்து சருகை விலக்கினார். கீழே மண் ஈரமாக இருந்தது. பக்கத்துப் பாத்தியில், நேற்று வாரிய இடத்தில், மல்லிகை துவண்டு கிடந்தது.

"பாவம், இதற்கும் இப்படித்தானே சுட்டிருக்கும்" என்றார்.

"பிரபு, அடியேனும் அங்கே வரலாமா?" என்று கால் மாற்றிக் குதித்தார் கேசவராயர்.

"ஐயோ, குப்பைமேட்டில் தாங்கள் கால் வைப்பதா!" என்றான் ஆதப்பன்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கைக்காப்பைக் கழற்றி ஆதப்பனுக்குக் கொடுத்தார். அவன் அதைச் சடையன் கையில் போட்டான்.

பொழுது சாய்வதற்குள் எல்லாப் பாத்திகளுக்கும் சருகு திரும்பிவிட்டது. அரச கட்டளைப்படி முதல் கூடையைச் சுமந்து வந்தவர் கேசவராயர். அந்தப் பெரிய தலைப்பாகை சும்மாடாக நன்றாகவே உதவியது.