மேலே நகர்த்தவா?

பொய்கைமேட்டு மடத்துச் சாமிக்கு மௌனகுரு என்று பெயர். பெயர்தான் அப்படி, நன்றாகவே பேசுவார்.

அவருடைய சீடர் தணிகாசலம் டவுனில் ரேடியோ கடை வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் ஆட்டோவில் ஒரு லாரி பேட்டரி, சின்ன டி.வி., இரண்டோடும் வயரால் இணைத்த கறுப்புப் பெட்டி ஒன்று, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூட வந்த மனைவி கோமளவல்லி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்புப் பெட்டி ஒரு கம்ப்யூட்டர். பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும், ரப்பர் பட்டன்கள். சாதாரண வீடுகளும் வாங்கட்டும் என்று ஒரு கம்பெனி விலையைக் குறைத்துக் குறைத்துச் செய்தது. திரைக்கு வீட்டு டி.வி. போதும் என்றார்கள். சேமிக்கப் பாட்டுக் கேசட் போதும் என்றார்கள். கேசட்டில் ஏற்றாமல் அணைத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். அந்தப் பெட்டி கையில் கிடைத்த பிள்ளைகள் முதலில் செய்வது ஒன்றுதான். இரண்டே வரி அடித்துத் தங்கள் பெயரைத் திரை நிறைய ஓடவிடுவார்கள். இரண்டு வரியை யார் மெனக்கெட்டுக் கேசட்டில் ஏற்றுவார்கள்?

திரையில் ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் ஓடிக்கொண்டிருந்தது. சேரலாதன், சேரலாதன், சேரலாதன்.

"எம் பையன் அடிச்சது சாமி. அன்னிக்கு ராத்திரிதான் காய்ச்சல் வந்தது."

ஒரே மகன். போய் எட்டு மாதம் ஆகிறது.

"அன்னிலேர்ந்து அணைக்கவே இல்ல. கரண்ட் போயிட்டா என்ன பண்றதுன்னு பேட்டரியில வெச்சிருக்கேன். இப்ப இவ, இதை அணைங்க, இல்லன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேங்கிறா. நான் என்ன செய்யட்டும்?"

"அந்த ரெண்டு வரியை நீயே திரும்ப அடிச்சுக்கலாமே."

"அடிக்கலாம். அது என் கை அடிச்சதாயிடும். கேசட்ல ஏத்தலாம்னா ஓட்டத்தை நிறுத்தணும், அதுக்கும் மனசு வரல."

சாமி திரையைப் பார்த்தார். பெயர் அடிவரை நிறைந்ததும் ஓட்டம் நின்றது. கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது: மேலே நகர்த்தவா? பட்டனைத் தட்டினால்தான் மேற்கொண்டு ஓடும். அடுத்த நிமிஷமே ஓடியது.

"யாரு தட்டறது?"

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "நான் தொடறதே இல்ல சாமி. அதுவா ஓடுது. அவன் உள்ளதான் இருக்கான்."

சாமி திரையை விட்டுப் பெட்டியைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்தவரின் ஆள்காட்டி விரல் தன்பாட்டுக்குப் பட்டன்மேல் இறங்கி எழுந்தது. கண் திரையை விட்டு அசையவில்லை. அந்தப் பட்டனில் எழுத்து தேய்ந்தே போயிருந்தது.

சாமி எழுந்து போய் ஓர் உருளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ரெண்டு கையாலயும் பிடி. ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

தணிகாசலம் பிடித்துக்கொண்டார். திரை நிறைந்தது. மேலே நகர்த்தவா? இந்த முறை கேள்வி அப்படியே நின்றது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டி.வி. வெளிச்சம் மட்டும் தண்ணீரில் கிடந்தது. அதில் ஒரு வட்டம் எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்தது.

"சாமி! யாரோ தண்ணிக்குள்ளேர்ந்து தட்டறாங்க!"

சாமி உருளிக்கு அடியில் கையை விட்டு அவருடைய விரலைப் பிடித்தார். பிடிக்குள்ளும் அது தட்டிக்கொண்டே இருந்தது. தணிகாசலம் குனிந்து, யாருடைய விரலையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு உடைந்து அழுதார். உருளித் தண்ணீர் பாதி மடியில் கொட்டியது.

"நான் தட்டாம விட்டுட்டா, அவன் பேரைச் சொல்ல யாரு சாமி இருக்கா?"

"வாசல்ல ஒருத்தி உக்காந்திருக்கா" என்றார் சாமி. "எட்டு மாசமா அந்தப் பேரைச் சொல்லக் காத்துக்கிட்டிருக்கா. கேக்கறதுக்குத்தான் வீட்ல ஆள் இல்ல."