சுனைக்குப் போன உயிர்கள்

அனந்தநேமிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. எள் வியாபாரம் பார்த்துத் தலை நரைத்த பிறகு விரதம் ஏற்று, குன்றடியில் இருந்த சமணப் பள்ளிக்கு வந்தவர். அங்கே குருவாக வாய்த்த பெண் துறவி, குரத்தியார், அவருடைய மகள் வயதுக்காரர். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அவருடைய கவலையெல்லாம் ஏரியைப் பற்றித்தான்.

பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவர் பொறுப்பு. வடிகட்டாத நீர் அங்கே யார் வாயிலும் படாது. ஏரிக்கரையில் நின்று, மடித்த வெள்ளைத் துணி வழியாகக் குடத்தில் ஊற்றவேண்டும். துணியில் தங்கும் சிற்றுயிர்களை, எந்த நீரில் எடுத்தாரோ அதே நீரில் அலசி விட்டுவிடவேண்டும். தன் கையால் ஓர் உயிரும் சாகக்கூடாது என்பது அவர் ஏற்ற விரதம். அதற்காகத்தான் வீட்டையும் கடையையும் விட்டு வந்திருந்தார்.

மாசி கழிந்ததும் ஏரி இறங்கத் தொடங்கியது. துணியில் தங்குவதும் மாறியது. முன்பெல்லாம் கேழ்வரகு அளவில், கண்ணாடி உடம்போடு துள்ளும் பூச்சிகள் நிறைய வரும். இப்போது அவை அருகிப்போய், தூசி போல் ஏதோ மொய்த்தது. மிஞ்சிய கலங்கல் தண்ணீரில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அனந்தநேமி குரத்தியாரிடம் போனார்.

"அம்மா, பெரிய உசுருங்க கொறைஞ்சிக்கிட்டே வருது. என்ன செய்யறது?"

"துணியை அலசுங்க."

"அதைத்தான் தெனமும் செய்யறேனே!"

"அதையே செய்யுங்க."

இதெல்லாம் ஒரு பதிலா? அனந்தநேமிக்கு எரிச்சலாக வந்தது. கண்ணெதிரே சாகின்றன, அலசிக்கொண்டே இரு என்கிறாரே!

குன்றுக்குப் பின்னால் ஒரு சுனை உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது, பளிங்கு போலத் தெளிந்த நீர். மறுநாளிலிருந்து துணியை ஏரியில் அலசுவதை நிறுத்தினார். ஈரத்தோடு ஒரு சட்டியில் வைத்து, வெயிலில் குன்றைச் சுற்றி ஓடி, சுனையில் அலசினார். குரத்தியாரிடம் மூச்சு விடவில்லை. மனதுக்கு இதமாக இருந்தது. போகப்போகச் சுனை மீன்கள் அவர் காலடி கேட்டதுமே கரைக்கு வந்து கூடின. வாயில்லாத உயிருக்குக்கூட நம் கருணை தெரிகிறதே என்று மனிதருக்கு ஒரே பூரிப்பு.

ஒரு நாள், சுனையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் கேட்டாள்.

"என்னா சாமி, இன்னிக்கு மீனுக்குத் தீனி போட நேரமாயிடிச்சா? நீங்க வர ஆரம்பிச்சதுலேருந்து ஒண்ணொண்ணும் எப்படிக் கொழுத்துக் கெடக்குது பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். தெளிந்த நீர் எதையும் மறைக்கவில்லை. துணி பட்ட இடத்தில் மீன் வாய்கள் திறந்து திறந்து மூடின. கண்ணாடி உடம்பு ஒன்றுகூட மிச்சமில்லை.

நேரே குரத்தியாரிடம் வந்து துணியைக் கீழே வைத்தார்.

"கொன்னுட்டேம்மா. தெனமும் கொண்டுபோய்க் கொன்னிருக்கேன். பட்டினி கெடந்து இந்த உசுரை விட்டுடறேன். உத்தரவு குடுங்க."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "மழை வரட்டும்" என்றார் குரத்தியார்.

அனந்தநேமி வானத்தைப் பார்த்துக்கொண்டு வாசலுக்கும் கரைக்குமாக அலைந்தார். கடைசியில் ஒரு கோடை மழை வந்தது. ஏரி நிறையும் மழையல்ல, புழுதி அடங்கும் மழை.

"அம்மா, மழை வந்துடுச்சு."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க."

சில நாள் போன பின் குரத்தியார் அவரை ஏரிக்குள் கூட்டிப்போனார். மிஞ்சிய தண்ணீர் கிடந்த பக்கம் அல்ல, முதலில் வறண்டு வெடித்துப்போன மேட்டுப் பக்கம். அங்கே வண்டிப் பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கியிருந்தது.

"வடிகட்டுங்க."

அவர் வடிகட்டினார். துணியில் கண்ணாடி உடம்புகள் துள்ளின.

அனந்தநேமி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏரித் தண்ணி இங்க எட்டவே இல்லையே! இதுங்க எங்கேருந்து வந்துச்சு?"

"மண்ணுலேருந்து. தண்ணி எறங்கும்போதே முட்டையை மண்ணுல விட்டுட்டுப் போயிருக்குதுங்க."

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப, நான் தூக்கிக்கிட்டுப் போனதுங்க?"

"முட்டை விட இருந்ததுங்க."

அனந்தநேமி அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று குரத்தியார் நின்றார். அழுகை ஓய்ந்ததும், "அலசுங்க" என்றார்.

"இந்தப் பள்ளத்துலயா? வெயிலடிச்சா வத்திடுமே!"

"வத்தும்."

அனந்தநேமியின் பார்வை குன்றின் பக்கம் போனது. கால்கள் எழப் பார்த்தன. அடக்கிக்கொண்டு குனிந்தார். துணியை முனை முனையாக நீரில் அமிழ்த்தினார். மடிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் தேடி, நீர் விட்டு இறக்கினார். முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"கை நடுங்குதும்மா. பட்டினி கெடக்க எனக்கு உத்தரவு குடுத்துட்டு, இந்த வேலையை வேற யாருகிட்டயாவது குடுத்துடுங்க."

"இத்தனை நாளா நடுங்காத கையிலதான் குடுத்து வச்சிருந்தேன்" என்ற குரத்தியார், துணியை அவர் கையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.