ஐந்து சொல்லும் ஒரு கரண்டியும்

முன்னொரு காலத்தில், கடல் வாணிகத்தால் செழித்த ஒரு நாட்டை வீரகீர்த்தி என்னும் அரசர் ஆண்டுவந்தார். எதிலும் சிக்கனம் வேண்டும் என்பது அவருக்குத் திடீரென்று பிறந்த ஆசை. அவருடைய அவையில் விகடம் பேசுபவரும், அயல்மொழிக் கடிதங்களைப் படித்துச் சொல்பவரும் சொக்கப்பன்தான்.

ஒருநாள் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடமிருந்து கடிதம் வந்தது. சொக்கப்பன் அதைத் தமிழில் படித்தார்: "வழிப்பயணத்துக்கு இருபது நாள் பிடித்தது. தங்கள் மருத்துவர் தந்த மருந்தை உண்டோம். தங்கள் அவையில் அமர்ந்தோம். தங்கள் அறிவுரையை ஏற்றோம். இப்போது விடைபெறுகிறோம்."

தலைமை எழுத்தர் வல்லபதேவருக்குச் சொக்கப்பன்மேல் நெடுநாள் பொறாமை. அரைகுறையாக ஆங்கில எழுத்துக் கற்றிருந்த அவர் கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

"அரசே, ஐந்து இடத்திலும் 'டேக்' என்னும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. இவரோ ஐந்து சொற்கள் சொல்கிறார். நான்கு இவருடைய கைச்சரக்கு!"

"அது அவர்கள் வழக்கு, அரசே," என்றார் சொக்கப்பன். "அந்தச் சொல் இடத்துக்கு ஏற்ப வேலை செய்யும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வேண்டும்."

"ஆங்கிலேயன் ஒன்றில் முடிப்பதை நாம் ஐந்தில் முடிப்பதா?" என்று அரசர் சினந்தார். "இன்றுமுதல் நம் அரண்மனையில் பல வேலைகளுக்கு ஒன்றே போதும்! நாளை உச்சிப்பொழுதுக்குள் ஐந்து இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொண்டு வாரும். இல்லையேல் அந்தக் கப்பலிலேயே ஏறி நாட்டைவிட்டுப் போய்விடும்."

"ஆணையை எழுத்தில் தந்தால் நன்று, அரசே," என்றார் சொக்கப்பன்.

வல்லபதேவர் மகிழ்ச்சியோடு தாமே எழுதி, அரச முத்திரையும் இட்டார்: 'அரண்மனையில் பல வேலைகளுக்கு ஒன்றே போதும்.' சொக்கப்பன் அந்த ஓலையைப் பணிவோடு வாங்கிக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்கு நடந்தார்.

மறுநாள் அரசரும் அவையினரும் உண்ண அமர்ந்தனர். பரிமாறுபவன் பெரிய குழம்புக் கரண்டி ஒன்றோடு வந்தான். அதைக்கொண்டே நெய் வார்த்தான், இலை குளமாயிற்று. அதைக்கொண்டே அப்பளம் எடுத்தான், அது நொறுங்கியது. காரக்குழம்பை ஊற்றியபின், கழுவாத அதே கரண்டியைப் பாயசத்தில் விட்டான். ஒரு வாய் பருகிய அரசருக்குப் புரையேறியது.

"யாரடா இப்படிப் பரிமாறச் சொன்னது?"

"மகாராஜா, சொக்கப்பர் ஓலையைக் காட்டினார்," என்றான் அவன். "தங்கள் முத்திரை இருந்தது. மற்றக் கரண்டிகளைப் பூட்டிவிட்டோம்."

சொக்கப்பன் கைகூப்பினார். "ஆணைப்படிதான், அரசே. நேற்று நான் கடிதத்துக்கு ஐந்து கரண்டி கொண்டு வந்தேன். நான்கு மிகை என்றார்கள்."

அரசருக்குத் தம் பிழை விளங்கியது. தம் பாயசக் கிண்ணத்தை வல்லபதேவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதியவர் நீர்தானே? பருகும்."

வல்லபதேவர் கண்ணில் நீர் வழியக் கடைசிச் சொட்டுவரை பருகினார்.

"எப்படி இருக்கிறது? ஒரே சொல்லில் சொல்லும்!"

"உஸ்ஸ்ஸ்..." என்றார் வல்லபதேவர்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் இருந்த பட்டாடையை எடுத்துச் சொக்கப்பனுக்குப் போர்த்தினார். "கப்பல் உம்மை விட்டுவிட்டே புறப்படட்டும்," என்றவர், பரிமாறுபவனை நோக்கி, "முதலில் பூட்டிய கரண்டிகளை வெளியே எடு. பசிக்கிறது," என்றார்.