வேலமர மூலை

பட்டியின் வடக்கு மூலையில் ஒரு வேலமரம் நின்றது. பட்டியாடுகள் எல்லாம் அதன் நிழலில்தான் குட்டி ஈனும். மயிலை என்ற செம்மறி ஆடும் நிறைவயிற்றோடு அங்கே போய்ப் படுத்தது.

அதன் முதுகில் உட்கார்ந்திருந்த மைனா சொன்னது: “வேற இடம் பாரு அக்கா, அந்த மேட்டுப் பக்கம் போ. நீ வர்றதுக்கு முன்னாடி அரிப்பு நோய் வந்து ரெண்டு ஆடு செத்துச்சு, அதுங்க இங்கேதான் குட்டி போட்டுச்சு. அதுங்களோட நஞ்சுக்கொடி இந்த மண்ணுலதான் மக்கிக் கிடக்கு.”

“நான் இந்தப் பட்டிக்கு வந்து ஒரு வருஷமாச்சு. தினமும் இங்கேதான் மேயறேன். எனக்கு ஒரு சொறி வந்துச்சா?”

“நீ நாலு பல் முளைச்சு, வளர்ந்த ஆடா வந்தவ. பச்சைக் குட்டியைத்தான் அந்த நோய் சுலபமா புடிக்கும். உன் குட்டி பிறந்த அன்னிக்கே இந்த மண்ணை நக்கப்போகுது.”

“மேடு வரைக்கும் யாரு நடக்கிறது? உனக்கென்னடி, முட்டை போட்டுட்டுப் பறந்துடுவே.”

அன்று மாலையே குட்டி பிறந்தது. துத்தி என்று பெயர் வைத்தார்கள். எழுந்து நின்றதும் அது மண்ணை நக்கியது. கிடைத்ததை எல்லாம் சப்பியது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கொழுகொழுவென்று வளர்ந்தது.

“எங்கேடி உன் அரிப்பு?” என்று மைனாவைக் காணும்போதெல்லாம் மயிலை கேட்கும்.

“அது வெளியே தெரிய ரெண்டு மூணு வருஷம் ஆகும். வராம இருந்தா நல்லதுதான் அக்கா.”

மூன்றாம் வருடம் துத்தி வேலிக்கம்பில் முதுகைத் தேய்க்கத் தொடங்கியது. தேய்த்த இடத்தில் மயிர் உதிர்ந்தது.

“உண்ணி இருக்கும். கொஞ்சம் பாரேன்” என்றது மயிலை.

கழுத்திலிருந்து வால் வரை மைனா பொறுமையாகத் தேடியது. “ஒண்ணுகூட இல்ல அக்கா” என்றது மெதுவாக.

பிறகு பின்னங்கால்கள் தள்ளாடின. ஒருநாள் குளத்துக்குப் போகும் வழியில் விழுந்த துத்தியால் எழ முடியவில்லை.

“நான் என்னம்மா தப்பா தின்னேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலடா. அன்னிக்கு எனக்கு நடக்க அலுப்பா இருந்துச்சு.”

துத்தி செத்து வெகுநாள் கழித்து மயிலை மறுபடி சினையானது. நாள் நெருங்கியதும் யாரிடமும் சொல்லாமல் மேட்டை நோக்கி நடந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது. முதுகிலிருந்த மைனா இறங்கி, பக்கத்திலேயே நடந்து வந்தது.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, பிறந்த குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் முடிவு செய்யக் கூடாது.