ஒன்பது பாகை

அரண்மனைப் பண்டிதர் சோமநாதர் ஒரு நாள் சபையில் சட்டம் போட்டார். இனிமேல் கோணத்தை எழுதும்போது பாகை என்று எழுத வேண்டாம், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டால் போதும்.

ராஜாவுக்கு விசிறிக்கொண்டிருந்த வடிவாள், "பூஜ்யமும் வட்டந்தானே சாமி?" என்றாள்.

"விசிறிக்காரிக்குக் கணக்கு எதற்கு? என் குறியில் தப்பைக் காட்டு, இல்லையென்றால் அரண்மனையை விட்டுப் போ."

"ராஜா முகத்துல வெயில் அடிக்குது. சிம்மாசனத்தை ஒன்பது பாகை திருப்பச் சொல்லித் தச்சருக்கு ஓலை கொடுங்க சாமி, அது போதும்."

பண்டிதர் ஒன்பது எழுதி வட்டம் போட்டார். தச்சர் தொண்ணூறு என்று படித்தார். மறுநாள் ராஜா வந்து உட்கார்ந்தால் எதிரே சுவர். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. குறியே வேண்டாம் என்று சொல்லிப் பண்டிதரை ஊரைவிட்டே அனுப்பினார்.

மூட்டையோடு போனவர் வாசலில் வடிவாளைப் பார்த்து நின்றார்.

"வட்டத்தைச் சின்னதாக்கி, எண்ணின் தோளுக்கு மேலே தூக்கி வைத்திருக்கலாம் தாயி. இப்போதுதான் தோன்றுகிறது."

"உள்ள வந்து சொல்லுங்க சாமி."

"நேற்று நீ சொன்னதை நான் கேட்டேனா? இன்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்?"

அவர் போய்விட்டார். வடிவாளே உள்ளே போய்ச் சொன்னாள்.

"விசிறிக்காரிக்குக் கணக்கு எதற்கு?" என்றார் ராஜா.