கடுகுநாட்டு இணையதளமும் மிளகுநாட்டு மீசையும்

அரண்மனையில் யானை இருக்கிறதோ இல்லையோ, இணையதளம் இருந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்ட காலம். மிளகுநாட்டு மன்னர் மருதமாறனுக்கும் அந்த ஆசை வந்தது. குறும்புக்கார அமைச்சர் கூத்தபிரானைக் கூப்பிட்டார்.

“பக்கத்துக் கடுகுநாட்டுத் தளம் லட்சணமாக இருக்கிறது. அதை அப்படியே எடுத்து நம் பெயரைப் போட்டுவிடும்.”

“மன்னா, அடுத்தவர் வடிவமைப்புக்குக் காப்புரிமை உண்டு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்...”

“கேட்டால் தருவானா அவன்? போடுமய்யா!”

கூத்தபிரானுக்கு மனசே இல்லை. என்ன செய்ய, அரச கட்டளை. பச்சைப் பட்டை, தாமரைப் படம், ஓரத்தில் தும்பிக்கை ஆட்டும் யானை எல்லாம் அப்படியே வந்து இறங்கின. மிளகுநாட்டில் இருந்த ஒரே யானை அதுதான்.

சில நாளில் கடுகுநாட்டுத் தூதர் வில்லவராயர் அவைக்குள் புகுந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“திருட்டு! உங்கள் மன்னர் சந்தை நடுவில் மீசையை மழித்து மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லையேல் போர்!”

மருதமாறன் மீசையைப் பொத்திக்கொண்டார். “கூத்தபிரானே, மீசை போனால் உம் தலையும் போகும்” என்று முணுமுணுத்தார்.

எடுக்கச் சொன்னது யார், உருளப்போவது யார் தலை! கூத்தபிரான் மனதுக்குள் பொருமினார். முகத்தில் காட்டாமல் தூதரை வணங்கினார்.

“ஐயா, இந்தத் தளத்தில் எதெல்லாம் உங்களுடையது?”

“எல்லாமே! ஒரு பக்கம் பாக்கியில்லாமல்!”

“சத்தியமாக?”

“எங்கள் மன்னர்மேல் சத்தியம்!”

“நல்லது. அப்படியானால் இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.” கூத்தபிரான், மிளகுநாட்டு மக்கள் எழுதிப் போட்டிருந்த குறைதீர்ப்புப் பக்கத்தைத் திறந்தார். “கீழத்தெருவில் சாக்கடை அடைப்பு. வடக்கு வாசலில் நாய்த்தொல்லை. சேனாதிபதிக்கு மூட்டுவலி. இனி எல்லாம் உங்கள் பொறுப்பு. இது அரசியாரே எழுதியது: ‘மன்னரின் குறட்டை தாங்கவில்லை. யாராவது வந்து புரட்டிப் போடவும்.’ உங்கள் மன்னர் எப்போது வருகிறார்?”

தூதருக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தை உருட்ட உருட்டக் குறைகள் வந்துகொண்டே இருந்தன.

“தளத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்! அதில் எங்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது!” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்.

மருதமாறன் மீசையை முறுக்கினார். ஆனாலும் குறட்டை விஷயம் உறுத்தியது.

“கூத்தபிரானே, முதலில் அந்தக் குறைகளையெல்லாம் அழித்துவிடும்!”

“ஐயையோ, வேண்டாம் மன்னா! தளம் முழுக்கத் தேடினாலும் நம் சொந்தச் சரக்கு அது ஒன்றுதான்!”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.