ஏழு துளை போட்ட இலை

அந்தக் காலத்தில் பட்டுப்புழு பேசும். கொஞ்சநஞ்சமல்ல, வாயே ஓயாது. கூடு கட்டத் தெரியாது. வம்பளந்துகொண்டே வாயிலிருந்து வரும் நூலை இலைமேல் இறைத்துவிட்டுப் போகும்.

அப்போது சீன தேசத்தில் ராஜவம்சம் தள்ளாடிக்கொண்டிருந்தது. தள்ளாடினாலும் அதன் வீரர்கள் ஊர் ஊராக வந்து விதைநெல்லைக்கூட விடாமல் அள்ளிப்போனார்கள். ஆற்றின் இரு கரை உழவர்களும் ஒரே நாளில் மண்வெட்டியோடு எழுவதென்று முடிவுசெய்தார்கள். ஒரு கரை மட்டும் எழுந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

நாளைச் சொல்லியனுப்பும் பொறுப்பு மேல்கரை சாவோவுடையது. அவளுக்கு எழுதத் தெரியாது. மல்பெரி இலையொன்றில் ஊசியால் ஏழு துளை போட்டாள். ஏழாம் பிறை என்று அர்த்தம். படகுத்துறையில் வீரர்கள் எல்லாருடைய மடியையும் சோதிப்பார்கள். புழுக்கூடையில் கைவைக்க மட்டும் அவர்களுக்கு அருவருப்பு. அதனால் அந்த இலையைக் கூடையின் அடியில் வைத்து, மேலே வேறு இலைகளைப் பரப்பிப் புழுவை விட்டாள்.

"அடியில இருக்கிற இலையை எதிர்க்கரை ஃபான்கிட்ட குடுத்துடு. மத்ததெல்லாம் உனக்கு. இதை மட்டும் தொடாதே," என்றாள். அந்த ஓட்டைவாயிடம் வேறெதுவும் சொல்லவில்லை.

படகு நடு ஆற்றைத் தாண்டுமுன் மற்ற இலைகள் தீர்ந்தன. அடி இலை தளிர். ஓரத்தை மட்டும் கடிப்போம் என்று நினைத்தது புழு. கடைசியில் நரம்புதான் மிஞ்சியது.

கரையில் ஃபான் கூடையைக் கிளறினாள். "சாவோ அக்கா எதுவும் குடுத்தனுப்பலையா?"

"ஒண்ணும் குடுக்கலையே," என்றது புழு. தின்றதைச் சொல்ல அதற்கு வெட்கம்.

"அப்போ இன்னும் நாள் குறிக்கலை போல." ஃபான் தன் ஊராரைக் காத்திருக்கச் சொன்னாள்.

ஏழாம் பிறையன்று காலை மேல்கரையில் புகை எழுந்தது. சாவோவின் ஊர் தனியாக நின்றது. துணைக்கு ஆள் வரும் என்று ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சண்டை போட்டார்களாம். ஃபானின் ஆட்கள் படகைத் தள்ளுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவோவும் மிஞ்சவில்லை.

அழுது வீங்கிய முகத்தோடு ஃபான் வீடு திரும்பினாள். புழு தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நசுக்கிவிடுவாள் என்று காத்திருந்தது. நசுக்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நசுக்கவில்லை. பிறகு ஒரு தளிரைக் கிள்ளி அதன் முன்னால் வைத்தாள்.

"பசின்னு சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேனா?"

புழு அந்தத் தளிரைத் தொடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பொய் சொன்ன வாயிலிருந்து வந்த நூலையே இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றி மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் பட்டுப்புழு ஒருநாள் திடீரென்று தீனியை விட்டுவிட்டுத் தன் நூலுக்குள் ஒளிந்துகொள்கிறது. பிறகு கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் பூச்சியைப் பாருங்கள். சிறகு இருக்கும், தின்ன வாய் இருக்காது.